மெதுவாகக் கிளம்பி வா

அப்பா இறந்துவிட்டார் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, அதனால்தான் அவர் இறந்துவிட்டது எனக்குத் தெரியும். காலையில் சித்தப்பா கூப்பிட்டார். எடுத்ததும் சாப்பிட்டியா கண்ணு என்று கேட்டார். சித்தப்பா என்னிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிற ஆள் இல்லை. இந்தச் சைக்காலஜியை முடித்தால் என்ன வேலை கிடைக்கும், பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலா என்றுதான் எம்.ஏ. சேர்ந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். "அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலையாட்ட இருக்குது. பதறாத. மெதுவாக் கெளம்பி வா" என்றார். சரிங்க சித்தப்பா என்றேன். அவர் வைத்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. இப்போது உக்கடத்தில் உடுமலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன், தொடையில் வெயில் விழுகிறது, டிரைவர் இன்னும் டீக்கடையில் நிற்கிறார். இதற்கு முன்னால் நின்ற பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்கவில்லை என்று ஏறவில்லை. அதற்கு முந்தியதைக் காப்பி குடித்துக்கொண்டே போகவிட்டேன். ஹாஸ்டலில் ஊறவைத்திருந்த துணியை அலசிக் காயப்போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன், ஈரத்தோடு விட்டுவந்தால் நாறும், திரும்பி வர எத்தனை நாளாகுமோ. பதறாதே என்றால் பதற இனி ஒன்றுமில்லை என்று அர்த்தம். நான் ஒரே பிள்ளை, நான் போகாமல் எடுக்கமாட்டார்கள், ஐஸ் பெட்டிக்குச் சொல்லியிருப்பார்கள், வாசலில் நாற்காலி இறங்கியிருக்கும். செத்தவருக்கு என்ன அவசரம். இப்படி நினைத்துவிட்டு, மனசு எங்கேயாவது முனகுகிறதா என்று உள்ளே பார்த்தேன். முழங்காலில் கொசு கடித்த இடம் அரித்தது. சொறிந்துகொண்டேன்.

பஸ் கிளம்பிவிட்டது. மேம்பாலம், மீன் மார்க்கெட் வாடை, ஆத்துப்பாலம். எங்கள் பக்கத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் வெளியூரில் இருக்கிற பிள்ளையிடம் நல்லாத்தான் இருக்காரு என்பார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் சளி என்பார்கள். கொஞ்சம் முடியவில்லை, கிளம்பி வா என்றால் முடிந்துவிட்டது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் தெரிந்ததையே இரண்டு நிறத்தில் கட்டம் போட்டுத் திரையில் காட்டினால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி. பண்பாடும் மனமும் என்ற பாடத்துக்கு நான் எடுத்திருக்கும் தலைப்பே கெட்ட செய்தியை எந்தச் சமூகம் எப்படிச் சொல்கிறது என்பதுதான். நீலம் மேற்கத்திக்காரர்கள், ஆரஞ்சு நாம். நீலக் கட்டத்தில் ஒரே வரி, ஆரஞ்சில் படிப்படியாக இறங்கும். மேடம் நல்லா இருக்கு இந்துஜா என்றார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய்க் கழனிப் பானையில் விழுமாம் துள்ளி. இதை வகுப்பில் காட்டிய அன்றைக்கு மரைக்கா எழுந்தாள். நெதர்லாந்திலிருந்து ஒரு செமஸ்டர் எங்களோடு படிக்க வந்தவள், வெயிலில் மூக்கு உரிந்துபோய் எப்போதும் தயிர்சாதம் தின்றுகொண்டிருப்பாள். அவளுடைய அப்பா இறந்தபோது அவள் கடையில் பால் வாங்கிக்கொண்டிருந்தாளாம். அண்ணன் ஃபோன் செய்து, அப்பா இறந்துவிட்டார் என்று எடுத்ததும் சொன்னானாம். வகுப்பே ஐயோ என்றது. அவளுக்கு எங்கள் ஐயோ புரியவில்லை. வேறெப்படிச் சொல்வது என்றாள். அங்கேயே பால் அலமாரி முன்னால் அழுதேன், முன்பின் தெரியாத ஒரு கிழவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார் என்றாள். பிறகு என் ஆரஞ்சுக் கட்டத்தைக் காட்டி, நீங்கள் எந்தப் படியில் அழுவீர்கள் என்று கேட்டாள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். கூட்டுச் சமூகம், பகிர்ந்த துக்கம், அது இது. எந்தப் படியில் அழுவோம். முதல் படியில் அழக்கூடாது, ஏனென்றால் அவர்கள் இன்னும் சொல்லவில்லை. கடைசிப் படியில் எல்லாரும் அழுதுகொண்டிருப்பார்கள், போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். நடுவில் பஸ் வருகிறது. பஸ்ஸில் இருப்பவள் என்ன செய்வாள் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

துக்கம் வந்து அழுவதில்லை, அழுவதால்தான் துக்கம் வருகிறது என்று ஒரு கொள்கை உண்டு. முதல் வருஷப் பாடம். உடம்பு முந்திக்கொள்ளும், மனசு பின்னாலே வரும். சரி, முந்திக்கொள்ளட்டும் என்று ஜன்னல் பக்கம் திரும்பி வாயைக் கோணினேன், புருவத்தை நெறித்தேன், தொண்டையை அடைத்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பார்த்தேன். கண்டக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார், வாந்தி வர்றதுன்னா இதுல எடுங்க அம்மிணி, வெளிய எடுத்தா பின்னால ஆளு இருக்குது என்றார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். மேற்கத்திக்காரர்கள் மனசு சரியில்லை என்பார்களாம், நாம் நெஞ்சு அடைக்குது, கை கால் விழுந்துபோச்சு, வயிற்றைப் பிசையுது என்று உடம்பைச் சொல்லுவோமாம். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நான்தான் முதல் மார்க். நெஞ்சு அடைக்கவில்லை. கை கால் கையும் காலுமாகத்தான் இருக்கிறது. வயிறு பசிக்கிறது. இன்னொரு படம் உண்டு, நான் என்று ஒரு வட்டம், வீட்டு மனிதர்கள் என்று சுற்றிலும் வட்டங்கள். அங்கே வட்டங்கள் தொட்டும் தொடாமலும் நிற்கும், இங்கே ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அப்பா வட்டத்தின் மேல் பாதி ஏறிக்கிடக்கிற என் வட்டத்தில் அந்தப் பாதி இப்போது இல்லாமல் போயிருக்க வேண்டும். எந்தப் பாதி என்று தெரியவில்லை. பல் வலிக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கடித்துப் பார்ப்போமே, அப்படிக் கடித்துப் பார்க்கிறேன். அப்பா, அப்பா, பெயரைச் சொல்லி நாச்சிமுத்து, அப்பா. கன்னம் யாருடையதோ.

ஈச்சனாரி போனது, கோவிலைப் பார்த்துக் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பா எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார், உடுமலையில் தளி ரோட்டில், கண்ணாடிக் கூண்டும் சிவப்பு எண் ஓடுகிற மீட்டரும். தெருவில் யார் வீட்டில் எழவு விழுந்தாலும் வெளியூருக்குச் சொல்ல அப்பாதான். வீட்டுக்காரர்கள் பேசினால் அழுதுவிடுவார்கள், காசு ஓடும், எதிர்முனையில் இருக்கிறவன் ரோட்டிலேயே விழுந்துவிடுவான். அப்பா கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நான் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் சாப்பாடு ஆச்சுங்களா என்று கேட்பார். ஆகவில்லை என்றால், சாப்பிட்டுட்டு இருங்க, லைன் சரியில்ல, மறுக்காக் கூப்புடறேன் என்று வைத்துவிட்டு வெளியே வந்து பீடி குடிப்பார். சொன்ன பிறகு அவன் சாப்பிடமாட்டான், சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னால் ஊர் வந்து சேருகிற அளவுக்காவது வயிற்றில் ஏதாவது இருக்கும். மறுபடி கூப்பிட்டு, உங்கப்பாருக்குக் கொஞ்சம் முடியலைங்க, மெதுவாக் கெளம்பி வாங்க. இதையெல்லாம் அவரிடமே கேட்டுப் பதிவு செய்யலாம் என்று போன தீபாவளிக்கு ஃபோனை எதிரே வைத்து உட்கார்ந்தேன். சட்டை காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, இது வெளிநாட்டுக்கெல்லாம் போகுமா என்று கேட்டார். போகாது என்றேன். ஏன் நேராகச் சொல்வதில்லை என்று கேட்டேன். அப்படிச் சொன்னாத்தானே அவங்களுக்குப் புரியும் என்றார். நேராகச் சொன்னாலும் புரியுமே அப்பா. புரியும், ஆனா அப்படி யாரும் சொல்லமாட்டாங்க. ஏன் சொல்லமாட்டார்கள். காப்பி ஆறுது பாரு என்றார். அரை மணி நேரப் பதிவில் பாதி அவர் காப்பி உறிஞ்சுகிற சத்தம். மேடமிடம், போதுமான விவரம் கிடைக்கவில்லை, வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று சொன்னேன். அந்தச் சத்தம் ஃபோனில் இருக்கிறது. இப்போது போட்டுக் கேட்டால் ஏதாவது ஆகுமா. கேட்கலாம், ஹெட்ஃபோன் இருக்கிறது. எடுக்கவில்லை. ஒன்றும் ஆகாவிட்டால் என்ன செய்வது என்று பயம், அது ஒன்றுதான் காலையிலிருந்து பயம் மாதிரி இருந்தது.

கிணத்துக்கடவில் ஏறிய ஒரு பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எடுத்ததும் எந்த ஊரு அம்மிணி, என்ன படிக்கறே என்றெல்லாம் கேட்டுவிட்டு ஆரஞ்சு உரித்துச் சுளை கொடுத்தாள். வாங்கித் தின்றேன், இனிப்பாக இருந்தது, இனிப்பு தெரிவதே தப்பு மாதிரி இருந்தது. லீவா என்று கேட்டாள். அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலைங்க, அதான் வரச்சொன்னாங்க என்றேன். அந்த அம்மாள் கை அப்படியே நின்றுவிட்டது. மீதிச் சுளைகளைத் தோலோடு சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு, எழவு வீட்டில் வந்து உட்காருகிற மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மனசத் தேத்திக்க கண்ணு, அம்மாவ நீதான் பாத்துக்கோணும் என்றாள். இதோ, முதல் ஆளாக இவள் வந்து விசாரித்துவிட்டாள். அவளுக்கும் சந்தேகமில்லை. இரண்டு வார்த்தையில் ஒருவரைக் கொன்று, பொள்ளாச்சி வருவதற்குள் துக்கம் விசாரித்து முடித்துவிடுகிறோம், இதை மரைக்காவுக்கு எழுதினால் மகிழ்ந்துபோவாள். அந்த அம்மாளுடைய கை வேர்த்துச் சூடாக இருந்தது. எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை. அம்மாவுக்கு ஒரு ஃபோன் போடலாமே என்று அவள் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தோன்றாமல் இல்லை, காலையிலிருந்து அதுதான் தோன்றிக்கொண்டிருக்கிறது. உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க வேண்டும், அதை எங்கள் வீட்டில் கேட்க முடியாது. கேட்டால் அம்மா ஒன்று பொய் சொல்ல வேண்டும், இல்லை என்றால் ஓவென்று கத்த வேண்டும், இரண்டில் ஒன்றை அவள்மேல் நான் எதற்கு ஏற்ற வேண்டும். பொள்ளாச்சியில் பஸ் நின்றபோது அம்மாவே கூப்பிட்டாள். எங்கே வர்றே என்றாள். பொள்ளாச்சி என்றேன். வீட்டுக்குப் போகாத, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துரு என்றாள். குரல் அடைத்திருந்தது. சரிம்மா என்றேன். இன்னும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்க நேரமாகும், பிணவறைக்கு வெளியே சிமெண்டு மேடையில் அம்மா உட்கார்ந்திருப்பாள். பெரியம்மா என் முகத்தையே பார்த்தாள். தலையாட்டினேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் அப்பாவுக்காக முதலில் அழுதது அவள்தான், பெயர்கூடத் தெரியாது.

கோமங்கலம் தாண்டினால் மின்சாரக் காற்றாடிகள். தென்னந்தோப்புக்கு மேலே வெள்ளையாக நின்று சுற்றுகின்றன, சிலது சுற்றாமல் நிற்கின்றன. சின்ன வயசில் நிற்பதை மட்டும் எண்ணுவேன், இப்போது எண்ணவில்லை. போனதும் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக வருகிறது. அம்மா என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடிப்பாள், அப்போது எனக்கு அழுகை வர வேண்டும், வராவிட்டால் அத்தைமார்கள் பார்ப்பார்கள், படிச்ச புள்ள, கல்லு மாதிரி நிக்குது பாரு என்பார்கள். எங்கள் பக்கத்தில் எழவு வீட்டில் யார் எவ்வளவு அழுதார்கள் என்பது பத்து வருஷத்துக்கு நிற்கும். முகத்தை அம்மா தோளில் புதைத்துக்கொண்டால் தெரியாது. குலுங்க வேண்டும், அது போதும். போன வருஷமே டாக்டர் அப்பாவுக்கு இருதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று சொல்லியிருந்தார். நான் படித்தவள் அல்லவா, கூகுளில் பார்த்துவிட்டு அம்மாவிடம் ஒண்ணுமில்லம்மா, மாத்திரையில சரியாயிரும் என்றேன். அப்போதே ஒரு படி இறங்கியிருக்கிறேன். பிறகு ஒவ்வொரு லீவுக்கும் அவர் சட்டை தொளதொளவென்று ஆனதைப் பார்த்தேன், படி. மாடிக்கு வருவதை நிறுத்தினார், படி. ஒரு வருஷமாக அவர் சாவு எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, யாரும் வாயைத் திறக்காமலே. அதனால்தான் ஒன்றும் ஆகவில்லையோ, எல்லாப் படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக மரத்துக்கொண்டே வந்துவிட்டேனோ. இது ஒரு நல்ல கருத்து, எழுதிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததும் என்னை எனக்கே பிடிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோவில் ஏறினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் சித்தப்பா நின்றிருந்தார். பையை வாங்கிக்கொண்டு, ஏங்கண்ணு இவ்வளவு நேரம், அப்பா முழிச்சிட்டுத்தான் இருக்காரு, மேல போ என்றார். நான் நின்றேன். முழித்துக்கொண்டுதான் இருக்கிறார் என்றால் எந்தக் கட்டம் என்று தேடினேன். ஆரஞ்சில் அப்படி ஒன்று இல்லை. என்ன சொல்றீங்க என்றேன். அவருக்கு விளங்கவில்லை. காலைல சொன்னனே, முடியலைன்னு, மூச்சு வாங்கிச்சு, விடிகாலைல கொண்டாந்து சேர்த்தோம் என்றார். உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார், பாவி மனிதர். முடியவில்லை என்றால் முடியவில்லை என்றே அர்த்தமாக ஒரு மனிதர் பேசுவார் என்று யார் எதிர்பார்த்தது. அப்புறம் எதற்குச் சாப்பிட்டாயா என்று கேட்டீர்கள் என்றேன், என் குரல் ஏறியது எனக்கே கேட்டது. உங்கப்பாதான் கேக்கச் சொன்னாரு, புள்ள பட்டினியா பஸ் ஏறிரும், சாப்புட்டுச்சான்னு கேட்டுட்டு அப்பறம் சொல்லுன்னாரு, பதறாம வரச்சொல்லுன்னாரு என்றார் சித்தப்பா. மாடிப்படி ஏறினேன். சந்தோஷம் வர வேண்டிய இடம் இது. வரவில்லை. கோபம்தான் இருந்தது, அதுவும் யார்மேல் என்று தெரியாமல். வார்டில் அப்பா தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார், மூக்கில் குழாய், ஒரு மாசத்தில் கழுத்து இவ்வளவு மெலிந்துவிடுமா. என்னைப் பார்த்ததும் கையை லேசாக உயர்த்தினார். அம்மா என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். காலைல எவ்வளவு பேசினாரு தெரியுமா, உன்னையத்தான் கேட்டு கேட்டு, இந்து வந்தாளா வந்தாளான்னு, இப்பப் பேசுனா மூச்சு எறைக்குது என்றாள். ஊறவைத்த துணி, காப்பி, ஜன்னலோரம்.

டாக்டர் கூப்பிட்டார், நானும் சித்தப்பாவும் போனோம். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு, இனி இங்க வச்சுப் பாக்கறதுக்கு ஒண்ணுமில்லம்மா, நாளைக்குக் காலையில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க, கேட்டதச் சாப்பிடக் குடுங்க என்றார். எவ்வளவு நாள் இருப்பார் என்று நேராகக் கேட்டேன், மரைக்கா மாதிரி. டாக்டர் என்னைப் பார்க்காமல் சித்தப்பாவைப் பார்த்து, அதெல்லாம் நம்ம கையில இல்லைங்களே என்றார். சித்தப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மாவுக்குச் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை, எங்கள் நடையைப் பார்த்தே சுவரில் சாய்ந்துவிட்டாள். பிறகு, டாக்டர் என்ன சொன்னாருன்னு கேப்பாரு, நீ போய்ச் சொல்லு, நான் சொன்னா மொகத்தப் பாத்துக் கண்டுபுடிச்சிருவாரு என்றாள். எனக்கு மட்டும் முகம் இல்லையா. இல்லைதான் போல, காலையிலிருந்து அதில் ஒன்றும் வரவில்லை. உள்ளே போனேன். பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் வந்ததும் என்னைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. போர்வையைச் சரிசெய்தேன். குழாய் உறுத்துதாப்பா என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டினார். வெயில் இன்னைக்குப் பரவாயில்ல என்றேன். பிறகு, "டாக்டரப் பாத்தேன்ப்பா. இங்க எதுக்குச் சும்மா படுத்துட்டு, நாளைக்கு வீட்டுக்குப் போயிரலாம்னு சொல்லிட்டாரு" என்றேன். குரல் ஆடவில்லை. நன்றாகவே வந்தது.

அப்பா என்னையே பார்த்தார். "வீட்டுக்கா" என்றார்.

"ஆமாப்பா."

"பத்தியம் ஏதாச்சும் சொன்னாரா?"

"ஒண்ணும் இல்லையாம். புடிச்சதச் சாப்புடலாமாம்."

அவர் அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். முகத்தில் பயம் இல்லை, அவர் பூத்தில் எப்போதாவது வீட்டுக்காரர் ஒருவரே அழாமல், வரிசை பிசகாமல் பேசி முடித்தால் கேட்டுக்கொண்டிருப்பாரே, அந்த முகம்தான் இருந்தது. "உனக்கு இதெல்லாம் வராதுன்னு நெனச்சிட்டிருந்தேன் கண்ணு" என்றார். அப்போதுதான் எனக்குக் கால் நடுங்க ஆரம்பித்தது, அப்பா சாகப்போகிறார், அது அவருக்குத் தெரியும், சொன்னது நான். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் காலை ஓரமாக நகர்த்தி இடம் விட்டார். உட்கார்ந்தேன்.